ஒப்புதல் படிவத்தின் நான்காம் வரி: நகரமைப்புப் புலத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புலத் தலைவர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவின் பேராசிரியர்களுக்கும், இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

நம் புலத்தின் பருவச் செயல்பாட்டு அறிக்கை கடந்த வாரம் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. வழவழப்பான தாளில் 24 பக்கங்கள். ஜூலையில் புதுமுக வரவேற்பு, ஆகஸ்டில் அகமதாபாத் பயணம், செப்டம்பரில் களஆய்வு, அக்டோபர் முதல் திங்களன்று உலக வாழ்விட நாள் கருத்தரங்கு, நவம்பர் 8 அன்று உலக நகரமைப்பு நாள் விழா என்று ஒரு பருவமே அதில் அணிவகுத்து நிற்கிறது. 17ஆம் பக்கத்தில் ஒரு படம்: வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருக்கிறார், எதிரில் இருக்கும் மாணவனின் முதுகு மட்டும் தெரிகிறது. கீழே ‘ஸ்டேக்ஹோல்டர் இன்டராக்‌ஷன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த முதுகு என்னுடையது. அந்தப் பெண்மணிக்கு நம் புலம் எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது, அதை அவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொன்னவன் நான் என்பதால்தான் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதி மதிப்பெண் பதிவாவதற்கு முன், ஒரே ஒரு நாள், நாம் ஆய்வு செய்த இடத்துக்குத் திரும்பிச் சென்று, கண்டறிந்தவற்றை அங்கிருப்பவர்களுக்குத் தமிழில் சொல்லி, தமிழில் அச்சிட்ட சுருக்கம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அக்டோபரில், ஸ்டூடியோ எனப்படும் எங்கள் களத்திட்டப் பாடத்தின் ஆறு குழுக்களும் கையெழுத்திட்டுக் கேட்டதும் இதைத்தான். ‘கல்வி நாட்காட்டியில் இடமில்லை’ என்று வாய்மொழியாக ஒரு வரி பதில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுத்தடுத்து எழுந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்று எங்கள் ஸ்டூடியோ தளம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நகரின் நடுவே ஆற்றங்கரையில் வாழ்ந்து, 2015 வெள்ளத்துக்குப் பின் லாரியில் சாமான்களோடு வந்து இறங்கியவர்கள் அங்கே நிறையப் பேர். எங்களிடம் 58 கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் குழுவில் தமிழ் சரளமாகப் பேசுபவன் நான் ஒருவன் என்பதால் வீட்டுக்கு வீடு மொழிபெயர்ப்பு வேலை என்னுடையதாயிற்று. ‘டென்யூர் செக்யூரிட்டி’ என்பதை ‘வீடு உங்க பேர்லயே இருக்காம்மா?’ என்று கேட்டுச் சமாளித்துவிடலாம். ‘வில்லிங்னெஸ் டு பே’, அதாவது ஒரு வசதிக்கு எவ்வளவு பணம் தரத் தயார் என்பதை எப்படிக் கேட்டாலும் சிரித்தார்கள்.

17ஆம் பக்கத்துப் பெண்மணி மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து மாறிப் போய், மதியம் 2 மணிக்குத் திரும்புகிறார். நாங்கள் போன நேரத்தில் அவர் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு எங்களுக்குக் கேட்க வேண்டுமே என்று அதை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். 58 கேள்விகளுக்கும் 50 நிமிடம். பாதி அரைபட்ட மாவு அப்படியே கிடந்தது. நாங்கள் எழுந்த சமயத்தில் மின்சாரமும் போய்விட்டது. அவர் அதற்காக ஒன்றும் சொல்லவில்லை.

கேள்விகள் முடிந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது, அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதில் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, குடும்ப அட்டை நகல், பிள்ளையின் சாதிச் சான்றிதழ், இவற்றோடு நான்காக மடித்த மூன்று தாள்கள். இதற்கு முன் வந்துபோன மூன்று கல்லூரிக் குழுக்கள் கொடுத்த ஒப்புதல் படிவங்களின் பிரதிகள் அவை, எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றில் ஒன்று நம் புலத்தினுடையது, இரண்டு வருடம் முந்தையது. “இதெல்லாம் ரசீதுதானே தம்பி? ஏதாவது வந்தா காட்டணும்ல?” என்று கேட்டார்.

ரசீது இல்லையம்மா என்று சொல்லி, அன்றைய படிவத்தை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். நான்காம் வரி: ஆய்வின் முடிவுகள் இதில் பங்கேற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளப்படும். அவர் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, “எப்போ வந்து சொல்லுவீங்க? நாள் சொன்னீங்கன்னா வேலை செய்யற வீட்டுல லீவு சொல்லிட்டு இருப்பேன்” என்றார். டிசம்பருக்குள் வருகிறோம் என்றேன். நாட்காட்டியை நான் அப்போது பார்த்திருக்கவில்லை.

அவர் ஏன் அவ்வளவு ஆவலாகக் கேட்டார் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய பிளாக்கைச் சேர்ந்த பெண்கள் அங்கன்வாடிக்காகவும் காலை நேரக் கூடுதல் பேருந்துக்காகவும் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது வெள்ளைத் தாளும் கையெழுத்துகளும்தான். எத்தனை குழந்தைகள், எத்தனை வயது, எந்த பிளாக், அடுத்த அங்கன்வாடி எத்தனை மீட்டர், காலை 5 மணி முதல் 7 மணி வரை எத்தனை பேருந்து என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. நிறுத்தத்தில் நான்கு விடியற்காலை நின்று நாங்கள் எண்ணினோம். 2014ஆம் ஆண்டின் மத்திய அரசு நகரமைப்பு வழிகாட்டு நெறிகளோடு ஒப்பிட்டு, குறைவு எவ்வளவு என்று அட்டவணையும் போட்டோம். அந்த அட்டவணைக்கு எங்கள் பணியை மதிப்பிடும் ஜூரியில் ‘நல்ல கிராஃபிக்ஸ்’ என்று பாராட்டுக் கிடைத்தது. ஒரு மனுவோடு பின் அடித்துக் கொடுக்க அவர்களுக்குத் தேவைப்படும் அந்த ஒரு தாள், ஆங்கிலத்தில், சுவரொட்டி போன்ற ஏ1 அளவில், நம் மூன்றாம் மாடியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

சுருட்டி வைக்கப்பட்டிருப்பதே அதற்குக் கிடைத்த மரியாதை. முந்தைய ஆண்டுகளின் தாள்கள் எங்கே என்று தேடிப்போனேன். தடித்த அட்டை போட்ட அறிக்கைகள் நூலகத்தில் இருக்கின்றன, எடுத்தவர் பெயர்ப் பட்டியல் காலியாக இருக்கிறது. வரைபடத் தாள்களில் ஒன்றை ஸ்டூடியோ அறையின் மேற்குச் சன்னலில் கண்டேன். கணினித் திரையில் வெயில் அடிக்காமலிருக்க யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணியின் பிளாக் அதில் மஞ்சள் நிறத்தில், அங்கன்வாடிக்கு இடமும் குறித்து, அழகாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் மாணவர்கள் அதே இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாங்கள் இந்த ஆண்டு மறுபடி கண்டுபிடித்தோம். அடுத்த ஆண்டும் யாராவது கண்டுபிடிப்பார்கள், கிரைண்டர் மறுபடி நிற்கும்.

உங்கள் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. குடும்பங்களின் தனிவிவரம் வெளியாகிவிடக் கூடாது என்றீர்கள், மிகச் சரி. பெயரும் கதவு எண்ணும் இல்லாமல் பிளாக் அளவிலான தொகுப்பை மட்டும் கொடுத்தால் போதும். மாணவர் அறிக்கை அரசு அறிக்கை ஆகாது என்றீர்கள், அதையும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடலாம். மூன்றாவதாகச் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை: திரும்பிப் போனால் மக்களிடம் வீணான எதிர்பார்ப்பை வளர்த்துவிடும் என்றீர்கள். ஐயா, ‘உங்கள் பகுதிக்கு எத்தனை பேருந்து கூடுதலாக வேண்டும்’ என்று 41ஆம் கேள்வியாக அச்சிட்டு வாசல் வாசலாகக் கேட்டவர்கள் நாம். கேட்கும்போது வளராத எதிர்பார்ப்பா பதில் சொல்லும்போது வளர்ந்துவிடப் போகிறது? ‘இது எங்கள் பயிற்சி, எங்களால் பேருந்து விட முடியாது, ஆனால் இந்தக் கணக்கு உங்களுடையது’ என்று நேரில் சொல்வதுதான் எதிர்பார்ப்பை அளவோடு வைக்கும் வழி. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால் அவர் அந்தத் தாளை ரசீதென்று பையில் பத்திரப்படுத்துவார்.

வகுப்பில் நீங்கள் கற்றுக்கொடுத்ததையே திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1969இல் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் வகுத்த மக்கள் பங்கேற்பின் எட்டுப் படிகளைத் தேர்வில் வரிசை மாறாமல் எழுதுகிறோம். மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு அதோடு நின்றுவிடுவது வெறும் ஒப்புக்குச் செய்வது என்று அதில் வருவதற்கும் மதிப்பெண் உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 திட்ட வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்கச் சொல்கிறது என்பதையும் படித்தோம். சென்னையின் வளர்ச்சியை வகுக்கும் மூன்றாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிவரும் இந்த நேரத்தில், அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச அந்த மக்களுக்குத் தேவையான சொற்களையும் எண்களையும் கொடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஒரு புலம், அவர்களிடமிருந்து எடுத்ததை அவர்களுக்கே எட்டாதபடி ஆங்கிலத்தில் பூட்டி வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் பற்றிய முதல் பருவ வகுப்பையும் நான் மறக்கவில்லை. இந்தியாவில் காட்டுவதற்காக அவர் அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914இல் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன். அவர் சோர்ந்துவிடாமல் புதிதாகப் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையிலேயே கண்காட்சி நடத்தினார். பிறகு இந்தூரில், தீபாவளி ஊர்வலத்தையே நகரத் தூய்மைக்கான ஊர்வலமாக மாற்றி, எந்தத் தெருக்காரர்கள் தங்கள் தெருவை நன்றாகச் சுத்தம் செய்தார்களோ அந்த வழியாக அதை நடத்திச் சென்றார். கப்பலே மூழ்கிய பின்னும் படங்களை மக்கள் முன் வைத்த மனிதரின் உருவப்படம் நம் வரவேற்பறையில் தொங்குகிறது. நமக்கோ எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. நாட்காட்டியில் ஒரு சதுரம்தான் கிடைக்கவில்லை.

சதுரம் கிடைக்காத அந்த நாட்காட்டியில் அகமதாபாத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. சபர்மதி ஆற்றங்கரையில் குழுப்படம் எடுத்துக்கொண்டோம், தனித்தடத்தில் ஓடும் பேருந்தில் ஏறி இறங்கினோம், அந்த ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்ட நல்ல கேள்விக்கு யாரும் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நவம்பர் 8 விழாவில் ‘மக்கள் பங்கேற்புடன் நகரமைப்பு’ என்ற தலைப்பில் மூன்று சிறப்புரைகளும் ஒரு சுவரொட்டிப் போட்டியும் நடந்தன. குளிரூட்டிய அரங்கில் 200 இருக்கைகள், மக்கள் என்று சொல்லத்தக்க ஒருவரும் அவற்றில் இல்லை. தேநீர் கொண்டுவந்த அக்கா ஒருவர் இருந்தார், அவரை உள்ளே நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மன்னிக்க வேண்டும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பயணமும் விழாவும் கூடாது என்பது என் எண்ணம் இல்லை, இரண்டிலும் நானும் கற்றுக்கொண்டேன். நான் கேட்பது ஒரு நாள்.

அந்த ஒரு நாளுக்கான வேலையில் பெரும்பகுதியை மாணவர்கள் நாங்கள் செய்து முடித்துவிட்டோம் என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன். ஆறு குழுக்களின் கண்டறிதல்களைச் சுருக்கி எட்டுப் பக்கத் தமிழ் வரைவு தயாராக இருக்கிறது. ‘தாழ்வாரம்’, ‘படிக்கட்டு’, ‘பால்வாடி’ என்று அங்கே புழங்கும் சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். வரைபடம் நான்கு. வடக்குத் திசைக் குறிக்குப் பதிலாக நியாயவிலைக் கடையையும் பேருந்து நிறுத்தத்தையும் பெரிதாகக் காட்டியிருக்கிறோம், அவற்றை வைத்துத்தான் அங்கே எல்லோரும் வழி சொல்கிறார்கள். கூடுவதற்கு நியாயவிலைக் கடைக்கு எதிரிலுள்ள திறந்தவெளி போதும். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியவை புலத்தின் பேருந்து, நகல் எடுக்கும் செலவு, எங்களோடு வந்து நிற்க இரண்டு பேராசிரியர்கள், இவ்வளவே. தவறாக எழுதியிருந்தால் அங்கேயே யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்கும் ஸ்டூடியோ மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்கினால், அடுத்த ஆண்டு மாணவர்கள் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்காது. பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் இடமில்லை என்றால், அருள்கூர்ந்து ஒப்புதல் படிவத்திலிருந்து நான்காம் வரியை நீக்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு என் இடத்தில் மொழிபெயர்க்கப் போகிறவன் அதைப் படித்துக் காட்டாமலாவது இருப்பான்.

டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தோதாகத் தெரிகிறது. வேறு நாள் என்றாலும் சரிதான். ஆனால் எந்த நாளாக இருந்தாலும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு வீட்டில் லீவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுநிலை நகரமைப்பு, இரண்டாம் ஆண்டு மாணவன்