சிகிச்சைக்கு அப்புறம்?

ஆசிரியருக்கு,

ஏழை நாடுகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவி என்றதும் மருத்துவமனைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. சரி, அது முதல் படி. பாலியல் வன்முறை என்றால், அது நடந்த 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். பேருந்தே வராத கிராமத்துப் பெண் அதற்குள் எப்படி வந்து சேர்வாள்?

அப்புறம் அவள் எங்கே போவாள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஆப்பிரிக்காவில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் புக்காவு நகரில் மருத்துவர் டெனிஸ் முக்வேகே 1999இல் தொடங்கிய பான்சி மருத்துவமனை, அறுவை சிகிச்சையோடு மனநல ஆலோசனை, சட்ட உதவி, தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் வழி செய்கிறது. (2018இல் நோபல் பரிசு கிடைத்த பிறகுதான் நம்மில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டோம்!) இப்படி உதவி கிடைக்காத இடங்களில், வருமானம் இல்லாதவள் அடித்தவன் வீட்டுக்கே திரும்ப நேர்கிறது. நன்கொடையாளர்கள் பலர் ஓரிரு ஆண்டுத் திட்டங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளுக்கு நீண்டகால நிதி நேரடியாகப் போக வேண்டும்.

– ஒரு வாசகி