பால் சொசைட்டியிலும் குழுக் கூட்டத்திலும் படிப்பு: நன்கொடை வேண்டுகோள்

ஊராருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத் தோழர்கள், ஊருக்கு ஊர் தொண்டர்கள் என்று மாவட்டமே கிளம்பியது. குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயல் வேலைக்குப் போன பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். சைக்கிள் இன்றும் மறக்கவில்லை, எழுத்துதான் பலருக்கு நழுவிவிட்டது. அதற்கு அன்றாடம் ஒரு வேலை வைத்திருந்தால் நழுவியிருக்காது என்பது எங்கள் எண்ணம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதைக் கடந்த பெண்களில் நூற்றுக்கு 73 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மீதிப் பேரை இரவுப் பள்ளிக்குக் கூப்பிட்டால், நாற்று நட்டு, சோறாக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் கண் சொக்குகிறது. அவர்களை இன்னொரு வகுப்புக்கு அலைக்கழிப்பதை விட, ஏற்கெனவே கூடும் இடத்துக்கே படிப்பைக் கொண்டுபோவோம் என்று மகளிர் குழுக்களும் பால் சொசைட்டியும் நூலக வாசகர்களும் சேர்ந்து இந்த எழுத்தறிவுக் குழுவை அமைத்திருக்கிறோம்.

பால் சொசைட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பாலை ஊற்றியதும் கையில் ஒரு சீட்டு வரும். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு தவிர்த்த மற்ற சத்து), விலை. கொழுப்பு 4.1-ஆ 3.7-ஆ என்பதில் இருக்கிறது காசு. வாசிக்கத் தெரியாதவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் சீட்டைப் பெரிய பலகையில் எழுதிக் காட்டி, பால் ஊற்ற வரும்போதே கால் மணி நேரம் பாடம். அவரவர் பெயர், உறுப்பினர் எண், நடுவில் இருக்கும் அந்தப் புள்ளி. 'அ'னா, 'ஆ'வன்னா பிறகு வரட்டும்.

மகளிர் குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை, குழுவை நடத்தும் ஊக்குநர் எழுத, மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு உறுப்பினர் முறைவைத்து அதைச் சத்தமாக வாசிப்பார், வாசித்த பிறகுதான் கையெழுத்து. திக்கினாலும் பரவாயில்லை, கடன் தொகையையும் வட்டியையும் எல்லாரும் கேட்க வேண்டும்.

2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் புத்தகத்தையும் பயன்படுத்துவோம். ஆனால் அது தன்னார்வலர்களை நம்பியது, சம்பளம் கிடையாது. பிளஸ் டூ முடித்த நம் ஊர்ப் பெண்கள் நால்வருக்கு மாதம் 1,500 ரூபாயாவது கொடுக்க நினைக்கிறோம். ஓராண்டுக்கு 72,000. பலகை, பெரிய எழுத்து அட்டை, நோட்டுக்கு 16,000. 60 பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி 12,000. கண்ணாடிச் செலவைத் தயவுசெய்து சிறிதாக எண்ணாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர், கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரிவதை வைத்து 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

மொத்தம் ஒரு லட்சம். மகளிர் குழுக்கள் 15,000 ஒதுக்கிவிட்டன, திண்ணையைச் சொசைட்டி இலவசமாகத் தருகிறது. மீதி 85,000 உங்களிடம் கேட்கிறோம். நூறு ரூபாயும் வாங்குவோம், ரசீது உண்டு. எங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்ட மாட்டோம், ஆனால் வரவு செலவை மாதாமாதம் சொசைட்டிப் பலகையில் எழுதிப் போடுவோம்.

பணத்தை எழுத்தறிவுக் குழுவின் பொருளாளரிடமோ கூட்டுறவு வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம். பழைய கண்ணாடிகளை மட்டும் அனுப்ப வேண்டாம், பவர் பொருந்தாது.

இப்படிக்கு,
எழுத்தறிவுக் குழுவினர்