சரண்ஜித் சிங்குக்கு அந்த ஒரு வரி பத்தாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எலக்ட்ரானிக் டான்ஸ் ம்யூசிக் பத்தி ரெண்டு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் குடுத்தத பாத்ததும் அவ்வளவு சந்தோஷம், காபி ஆறிப்போனது கூட தெரியாம படிச்சு முடிச்சேன். ஆனா கடைசி பத்தில சரண்ஜித் சிங் பேரு வந்த இடத்துல மனசு ஒடிஞ்சு போச்சு. "ஆசிட் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், அவரது ஆல்பம் 2010ல் வெளியானது" அப்படின்னு ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரிலயே ரெண்டு தப்பு இருக்கு. ஆசிட் ஹவுஸ்னா ஹவுஸ்ங்கற க்ளப் டான்ஸ் ம்யூசிக்ல ஒரு வகை, மெஷின் தாளத்துக்கு மேல நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு பேஸ் சத்தம் ஓடும். அதே கட்டுரைல மேல அது 1987ல சிகாகோல வந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்போ 2010ல வந்த ஆல்பம் எப்படிங்க அத கண்டுபிடிச்சிருக்க முடியும்? அந்த ஆல்பம் வந்தது 1982ல. 2010ல வந்தது மறுவெளியீடு. நடுவுல இருக்கற 28 வருஷம்தான் மொத்த கதையே, நீங்க அத அப்படியே முழுங்கிட்டீங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல மெல்லிசைக் குழுல கீபோர்டு வாசிக்கிறவன், கல்யாண மேடை, கோயில் திருவிழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு எல்லா இடத்துலயும் வாசிச்சிருக்கேன். சரண்ஜித் சிங்கும் எங்கள மாதிரி வாத்தியக்காரர்தான், அதனாலதான் இவ்வளவு உரிமையா எழுதறேன். பம்பாய் சினிமா ஸ்டூடியோல கிடாரும் கீபோர்டும் வாசிச்ச செஷன் ம்யூசிஷியன் அவரு. ஷங்கர் ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லக்ஷ்மிகாந்த் பியாரேலால்னு பெரிய பெரிய ம்யூசிக் டைரக்டருங்களுக்கு எல்லாம் வாசிச்சவரு. சினிமா பாட்ட வாத்தியத்துல வாசிச்சு தன் பேருலயே எல்பி ரெக்கார்டும் போட்டிருக்காரு, கல்யாண வீடுகள்லயும் வாசிச்சிருக்காரு. ரெக்கார்டிங்ல இந்த மாதிரி ஆளுங்க வாசிக்கறத கோடி பேரு கேப்பாங்க, ஆனா பேரு ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போ ஆல்பம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். 1980ல குர்பானி படத்துல நாசியா ஹசன் பாடின பாட்டு, அடுத்த வருஷம் டிஸ்கோ தீவானே ஆல்பம், 82 கடைசில டிஸ்கோ டான்ஸர் படம், அந்த மூணு வருஷமும் ஹிந்தில எங்க திரும்பினாலும் டிஸ்கோதான். சரண்ஜித் சிங் வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்த ரோலண்ட் கம்பெனி மெஷின் மூணு வீட்டுல இருந்துச்சு, டிஆர்-808ன்னு ஒரு ட்ரம் மெஷின், டிபி-303ன்னு கீழ் ஸ்தாயில வாசிக்கற ஒரு பேஸ் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர். எல்லாமே அப்போதான் மார்க்கெட்டுக்கு வந்த புது சரக்கு. எல்லாரும் டிஸ்கோவுக்கு சினிமா மெட்டு போடறாங்களே, நாம ராகத்த வாசிச்சு பாப்போம், தபலாவ எடுத்துட்டு அந்த இடத்துல டிஸ்கோ தாளத்த வெப்போம்னு அவருக்கு தோணியிருக்கு. வீட்டுலயே மூணு மெஷினையும் சேத்து வாசிச்சு பாத்து, நல்லாருக்கே ரெக்கார்ட் பண்ணிடலாமேன்னு எச்எம்வி ஸ்டூடியோல ரெண்டே நாள்ல முடிச்சிருக்காரு. இத அவரே பேட்டில சொல்லியிருக்காரு. ஆல்பம் பேரு சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட். பத்து ராகம், ஒரு பக்கத்துக்கு அஞ்சு, ஒவ்வொண்ணும் சுமாரா அஞ்சு நிமிஷம்.

உங்க வாசகர்ல பாதி பேருக்கு பாட்டு கத்துக்கிட்ட பழக்கம் இருக்கும், அவங்களுக்காக நம்ம பேருலயே சொல்றேன். மொத ட்ராக் பைரவ், அதாவது நம்ம மாயாமாளவகௌளை, சின்ன வயசுல சரளி வரிசை பாடின அதே ஸ்வரம், அது கீழ ட்ரம் மெஷின் தும் தும் தும்னு போற மாதிரி நெனச்சு பாருங்க. பூபாலி நம்ம மோகனம். கலாவதி நம்ம வலஜி. பைராகி நம்ம ரேவதி. மால்கௌன்ஸ் நம்ம இந்தோளம். யமன் கல்யாணிக்கு ரொம்ப கிட்ட. தோடின்னு போட்டிருக்கறத பாத்து நம்ம தோடின்னு நெனச்சிடாதீங்க, ஹிந்துஸ்தானி தோடி நம்ம சுபபந்துவராளி. இது போக லலித், மதுவந்தி, மேக் மல்ஹார். இவ்வளவு சொந்தம் இருக்கற ஒரு ரெக்கார்ட ஏதோ வெளிநாட்டு அதிசயம் மாதிரி ஒரு வரில கடந்து போயிட்டீங்களேன்னுதான் என் வருத்தம்.

ரெண்டாவது தப்புதான் எனக்கு முக்கியம், அந்த "கண்டுபிடித்தவர்". ஆசிட் ஹவுஸ அவரு கண்டுபிடிக்கல சார். சிகாகோல ஃப்யூச்சர்னு ஒரு குழு, டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜேன்னு மூணு பசங்க, அதே டிபி-303ய செகண்ட் ஹாண்ட்ல வாங்கினாங்க. கிடார் வாசிக்கிறவன் தனியா ப்ராக்டிஸ் பண்றப்ப பக்கத்துல பேஸ் போடறதுக்குன்னு டடாவோ கிகுமோட்டோங்கற ஜப்பான் இன்ஜினியர் பண்ணின பெட்டி அது, பேஸ் கிடார் மாதிரியே இல்லன்னு யாரும் சீண்டல, 84லயே தயாரிக்கறத நிறுத்திட்டாங்க, அதனாலதான் அந்த பசங்க கைக்கு சல்லிசா வந்துச்சு. அது ஓடிட்டு இருக்கறப்பவே அதுல இருக்கற குமிழ திருகி திருகி அந்த நெளியற சத்தத்த கொண்டு வந்தாங்க, ரான் ஹார்டிங்கற சிகாகோ டிஜே தன்னோட க்ளப்புல அத போட்டப்ப மொத தடவ ஜனம் ஃப்ளோர விட்டே போயிடுச்சாம், அவரு விடாம அதே ராத்திரி திரும்ப திரும்ப போட்டு நாலாவது தடவ கூட்டம் பைத்தியமாயிடுச்சாம். 87ல ஆசிட் ட்ராக்ஸ்னு ரெக்கார்டா வந்துச்சு. அவங்க யாரும் சரண்ஜித் சிங்க கேட்டது கிடையாது, இவருக்கும் அவங்கள தெரியாது. அந்த பசங்க உழைப்ப எடுத்து நம்மாளுக்கு பட்டம் குடுக்கறது அவங்களுக்கும் நியாயமில்ல, அவருக்கும் மரியாதை இல்ல, ஏன்னா அவரு பண்ணினது வேற வேலை.

அப்புறம் ஏன் அச்சு அசலா அப்படியே கேக்குதுன்னு கேப்பீங்க. நானும் ரொம்ப நாள் இத யோசிச்சிருக்கேன். நம்ம ராகத்துல கார்ட், அதாவது சேத்து வாசிக்கற ஸ்வரக் கூட்டம், மாறாது, கீழ ஒரே சுருதி ஓடிட்டே இருக்கும், மேல அஞ்சோ ஏழோ ஸ்வரத்துக்குள்ளயே சுத்தி சுத்தி வருவோம். ஹவுஸ் ம்யூசிக்லயும் கார்ட் பெருசா மாறாது, ஒரே பேஸ் பேட்டர்ன் திரும்ப திரும்ப ஓடும், காது அந்த சின்ன சின்ன மாத்தத்துலதான் நிக்கும். ரெண்டு ஊர்க்காரங்க கைலயும் ஒரே மெஷின் கெடச்சப்ப, ஒருத்தரு ராகத்துல இருந்து வந்தாரு, இன்னொருத்தர் டான்ஸ் ஃப்ளோர்ல இருந்து வந்தாங்க, ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டாங்க.

இன்னொரு விஷயம் இருக்கு, அது அந்த மெஷின தொட்டாதான் புரியும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் அந்த 303க்கு காப்பியா இப்போ வர்ற சின்ன மெஷின் ஒண்ணு வாங்கினான், ஒரு நாள் ராத்திரி அவன் வீட்டுல உக்காந்து இந்தோளத்த அதுல ஏத்தி பாத்தேன். பதினாறு கட்டம். நம்ம கீபோர்டு மாதிரி நேரா வாசிச்சு பதிய முடியாது, மொதல்ல ஸ்வரத்த மட்டும் வரிசையா குடுக்கணும், அப்புறம் தாளத்த தனியா, இந்த கட்டத்துல ஸ்வரம், இதுல இழு, இதுல சும்மா இருன்னு ஒவ்வொண்ணா அமுக்கணும். அதுக்கப்புறம் எந்த ஸ்வரத்துல இருந்து எதுக்கு வழுக்கிட்டு போகணும்னு ஸ்லைடு போடணும். இந்தோளத்துல ரி கிடையாது, ப கிடையாது. எங்க மேடைல பேஸ்னாலே கை தானா ச-ப ச-பன்னுதான் போகும், அந்த பழக்கமே இங்க ஆகாது, ப தொட்டா ராகம் செத்துடும். ச, நி, த, மன்னு கீழயே சுத்த வெச்சு, க-ல இருந்து ம-க்கு ஒரே ஒரு ஸ்லைடு போட்டேன். ஓட விட்டதும் அந்த ஒரு எடத்துல கம்பி இழுபடற மாதிரி, வீணைல விரல நகத்தாம தந்திய இழுக்கற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்கு முடி சிலிர்த்துடுச்சு. ஃப்ரெண்டோட அம்மா உள்ள ரூம்ல இருந்து வந்து, யாருப்பா இந்தோளம் வாசிக்கறதுன்னு கேட்டாங்க.

அது கமகம், அதாவது நாம ஸ்வரத்த அசைச்சு இழைக்கறது, ஆயிடாதுங்க, அத நான் ஒத்துக்கறேன், மெஷின் வழுக்கற வேகம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும், நம்ம கை மாதிரி எடத்துக்கு தகுந்தாப்ல மாத்திக்காது. ஆனா ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற வழிதான் நம்ம சங்கீதம், ஹிந்துஸ்தானில அத மீண்ட்னு சொல்வாங்க, அந்த வழி இந்த பெட்டிக்குள்ள இருக்குன்னு 82லயே ஒருத்தர் காதுக்கு தெரிஞ்சிருக்கு. கீழ 303 சுத்திட்டே இருக்க, மேல ஜூபிட்டர்ல கையால ராகத்த விரிக்கறாரு. ஸ்டூடியோல வாசிச்சு வாசிச்சு காய்ச்சுப்போன கை, அதான் மூணு மெஷின வெச்சும் ரெண்டே நாள்ல முடிக்க முடிஞ்சிருக்கு. எல்லா ட்ராக்கும் ஒரே உசரத்துல இருக்குன்னு சொல்ல மாட்டேன், தொடர்ந்து கேட்டா அந்த ட்ரம்ஸ் கொஞ்சம் அலுக்கவும் செய்யும், ஆனா பைரவும் மால்கௌன்ஸும் இன்னைக்கு நேத்து பண்ணின மாதிரி இருக்கு.

ரெக்கார்ட் வந்துச்சு, யாரும் வாங்கல, அவ்வளவுதான். ஏன்னு கேட்டா என்னோட கணிப்பத்தான் சொல்ல முடியும். சினிமா பாட்டு கேக்கறவனுக்கு இதுல பாட்டு இல்ல, வார்த்தை இல்ல, குரல் இல்ல. கச்சேரி கேக்கறவருக்கு ஆலாபனை இல்ல, தபலா இல்ல. இத போட்டு விடிய விடிய ஆடற மாதிரி க்ளப்பு அன்னைக்கு நம்ம நாட்டுல எங்க இருந்துச்சு? வாங்க வேண்டிய ஆளு இன்னும் பொறக்கவே இல்லன்னுதான் நான் நெனைக்கறேன். அவரும் அத அப்படியே விட்டுட்டு வாசிக்க போயிட்டாரு.

அப்புறம் 2002ல எடோ பௌமன்னு நெதர்லாண்ட்ஸ்ல இருந்து வந்த ரெக்கார்ட் சேகரிக்கறவர் கைல டெல்லில அந்த எல்பி மாட்டுது. ரூமுக்கு போய் போட்டு பாத்தவரு ஆடிப்போயிட்டாரு. பம்பாய் வரைக்கும் தேடிட்டு போய் சரண்ஜித் சிங்க கண்டுபிடிச்சு பேசி, 2010ல தன்னோட பாம்பே கனெக்ஷன் லேபிள்ல மறுபடி வெளியிட்டாரு. வெளியானதும் என்ன நடந்துச்சு தெரியுமா, நெறைய பேரு இத நம்பவே இல்ல. 82ல ஒரு பம்பாய்க்காரர் இப்படி பண்ணியிருக்கவே முடியாது, இது ஏபெக்ஸ் ட்வின்ங்கற எலக்ட்ரானிக் ம்யூசிக்காரர் மாதிரி யாரோ இங்கிலாந்துக்காரன் கள்ளப்பேருல பண்ணின வேலைன்னு பேசிக்கிட்டாங்க. அத படிச்சப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. மொத 28 வருஷம் யாரும் கேக்கல, கேட்டதும் நீ பண்ணலன்னு சொன்னா அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்.

நல்ல வேளை, உயிரோட இருக்கறப்பவே கொஞ்சம் கெடச்சுது. எழுபது வயசுக்கு மேல அதே மாதிரி மெஷின்கள வெச்சுக்கிட்டு ஐரோப்பால மேடை ஏறினாரு, பேரப்புள்ளைங்க வயசு பசங்க முன்னாடி நின்னு ஆடினாங்க. 2015 ஜூலைல மும்பைல காலமானாரு. அன்னைக்கு நான் நம்ம தமிழ் பேப்பர் ஒவ்வொண்ணா பொரட்டி பாத்தேன், என் கண்ணுல ஒரு சின்ன செய்தி கூட படல.

அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், மன்னிச்சுக்கங்க, முழுசா போட இடம் இல்லன்னா வெட்டிக்கங்க. ஆனா ரெண்டு விஷயம் மட்டும் வெட்டாம போடணும். ஆல்பம் வந்த வருஷம் 1982. அப்புறம் "கண்டுபிடித்தவர்"ங்கறத எடுத்துட்டு "பத்து ராகங்களை மெஷினில் வாசித்தவர்"னு போடுங்க. இடம் மிச்சம் இருந்தா அந்த பத்து ராகத்தோட பேரையும் பக்கத்துல நம்ம பேரையும் ஒரு சின்ன கட்டத்துல போட்டீங்கன்னா, பாட்டு கிளாஸ் போற புள்ளைங்க யாராவது மாயாமாளவகௌளைல இப்படி ஒண்ணு இருக்கான்னு தேடி கேக்கும்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்