நடுவரங்கத்தை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆடிப்பெருக்கையொட்டி வந்த காவிரிப் பக்கங்களைப் படித்தேன். காவிரித் தீவுகளில் உள்ள மூன்று ரங்கநாதர் தலங்களில், ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் அந்தியரங்கமான நம் ஸ்ரீரங்கத்துக்கும் நிறைய இடம் கொடுத்திருந்தீர்கள். நடுவரங்கமான, கர்நாடகத்தில் உள்ள சிவசமுத்திரத்துக்கு ஒரே ஒரு வரி. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊர் யாத்திரை வேனும் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு திரும்பிவிட்டது. அதனால் இந்த ஆடியில் நானும் என் மனைவியும் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி, கொள்ளேகால் வழியாகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஆறு சமதரையில் பிரிகிறது. அங்கே தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கிளை ககனசுக்கியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கியாகவும் பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. பரசுக்கியில் மேல்படியில் நிற்கும்போதே மூக்குக் கண்ணாடியெல்லாம் சாரல். துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். செக்கச்செவேலென்று, நுங்கும் நுரையுமாகப் புதுத்தண்ணீர்.

கபினித் தண்ணீரும் கிருஷ்ணராஜசாகர் தண்ணீரும் மேலே திருமகூடலில் கலந்துதான் இங்கே வருகின்றன. தினமும் செய்தியில் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் இத்தனை கனஅடி என்கிறார்களே, அதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் இருக்கும் கோலம் இது. முறைத்தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் மண்வெட்டியோடு மடையில் காத்துக்கிடந்தவன் நான். எனக்குப் பேச்சே வரவில்லை.

1902-லேயே இங்கு மின்நிலையம் அமைத்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியிருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர் மறுபடி ஆற்றில் சேர்ந்து மேட்டூருக்குத்தான் வருகிறது.

ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, தண்ணீர் அடங்கி ஓடும் ஒரு கரையில், மாயவரத்திலிருந்து முந்தானையில் முடிந்து வந்த காதோலை கருகமணியை என் மனைவி ஆற்றில் விட்டாள். "நம்ம துறைக்கு வந்து சேருமாங்க?" என்றாள். "மேட்டூரைத் தாண்டணுமே" என்றேன். மிதந்து மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மைசூர்ப் பக்கம் யாத்திரை நடத்துபவர்கள் தயவுசெய்து இந்தத் தீவுக்கு ஒரு பகல் ஒதுக்க வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். ஆடி, ஆவணியில் போங்கள். கோடையில் பாறைதான் தெரியும். வெள்ளக் காலத்தில் பாறை வழுக்கும், நீரோட்டமும் இழுக்கும். கம்பித் தடுப்பைத் தாண்டிப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.