முதலுதவிப் பயிற்சி முடிந்தது, அடுத்து என்ன?

அக்காமாரே, தம்பிகளே, வணக்கம்.

சனிக்கிழமை மண்டபம் நண்டு ஷெட்டில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் நன்றி. நண்டு உடைக்கிற கையால், இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகினீர்கள். ஆனால் திரும்பச் செய்யாவிட்டால் அந்தப் பழக்கம் சில மாதத்திலேயே கையை விட்டுப் போய்விடும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன் நினைவையே சோதித்துப் பார்த்து, கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று 1885லேயே எழுதியிருக்கிறார். அதனால் ஒரு நாளோடு இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மாதத்தின் முதல் திங்கள், ஷிப்ட் தொடங்குமுன் கால்மணி நேரம் பொம்மையை வெளியே எடுப்போம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வாய்விட்டு எண்ணுங்கள். திருக்கை மீனின் முள் குத்தினால் வெந்நீர் வைப்பது பற்றிப் பலர் கேட்டீர்கள், அதையும் அடுத்த முறை பார்க்கலாம்.

பின்வரிசையில் பேசாமலே இருந்த அக்காமாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்புங்கள், எத்தனை முறை கேட்டாலும் சொல்லித் தருகிறேன். அப்புறம், புதிதாகச் சேர்பவர்களுக்குத் துணையாக மேசைக்கு ஒருவர் வேண்டும். வெள்ளிக்குள் பெயர் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வேலை குறைந்து பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவோம். முழு மறுபயிற்சியை மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளலாமா? நாள் ஒத்துவராதவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.