பாசி எரிபொருள் ஆய்வுக்கு நிதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நுண்பாசிகளிலிருந்தும் தாவர எண்ணெய்களிலிருந்தும் எரிபொருள் தயாரிக்கும் ஆய்வுகளில் எவற்றுக்குப் பணம் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். திறந்தவெளிக் குளங்களில் பல ஆண்டுகள் பாசி வளர்த்தவன் என்ற முறையில், அந்தத் தீர்மானத்தின் அளவுகோலை மாற்றும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பாசியின் உலர் எடையில் எண்ணெய் எத்தனை விழுக்காடு என்ற எண்தான் இன்று ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. அதற்குப் பதிலாக, வெளிக்குளத்தில் ஒரு முழு ஆண்டு நடந்த சாகுபடியின் ஆற்றல் வரவு செலவைக் கேளுங்கள்.

எண்ணெய் விழுக்காடு பொய்யான எண் அன்று. தனித்து நிற்கும்போது மட்டும் அது தவறான வழி காட்டுகிறது. வளர்ப்பு நீரில் நைட்ரஜனைக் குறைத்தால் பாசி பட்டினி நிலைக்குச் சென்று, தான் பெறும் ஒளியாற்றலைக் கொழுப்பாகச் சேமிக்கத் தொடங்குகிறது. ஆனால் புரதம் ஆக்க நைட்ரஜன் இல்லாதபோது செல் பிரிதலும் தளர்ந்துவிடுவதால், விழுக்காடு உயரும் அதே நாள்களில் குளத்தின் மொத்த விளைச்சல் சரிகிறது. சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை கிராம் எண்ணெய் கிடைத்தது என்று பார்த்தால், பெருமையுடன் அறிவிக்கப்பட்ட விழுக்காட்டுக்குரிய பலன் பல வேளைகளில் அங்கே காணப்படுவதில்லை.

இந்த உண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில் 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகள் திரட்டப்பட்டு, அவற்றிலிருந்து ஏறத்தாழ 300 தேர்ந்தெடுக்கப்பட்டன. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குளங்களில் அவர்கள் சோதனை நடத்தியபோது, சில தனி நாள்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை பாசி விளைந்தது. அந்த விளைச்சலை ஆண்டு முழுவதும் நிலைநிறுத்த அங்கிருந்த குளிர் விடவில்லை. ஆய்வகத்தில் சிறந்து விளங்கிய வகைகளைத் திறந்த குளத்தில் இட்டபோது, அந்த வட்டாரத்துப் பாசிகள் அவற்றை வென்று குளத்தைப் பிடித்துக்கொண்டன. 1998ஆம் ஆண்டு வெளியான நிறைவறிக்கை இவற்றையெல்லாம் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. எங்கள் துறையில் மிகவும் பயன்பட்ட ஆவணங்களுள் ஒன்றாக அது இருப்பதற்குக் காரணம் அந்த நேர்மையே என்று கருதுகிறேன்.

என் சொந்த அனுபவத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடர்ந்த பச்சையாக இருந்த குளோரெல்லாக் குளம் ஒன்று, பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிர்கள் புகுந்ததால், மூன்றே நாள்களில் பழுப்பு நீராக மாறியதைப் பார்த்தேன். குளத்தைக் காலி செய்து, கழுவி, மீண்டும் விதைப்பாசி வளர்த்து நிரப்புவதற்குள் ஒரு மாதத்திற்கு மேல் கடந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் இறுதி அறிக்கையில் இடம்பெற்றதோ மிகச் சிறந்த பதினான்கு நாள்களின் சராசரி மட்டுமே. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்று அதைத் தவறென்று எங்களில் எவரும் எண்ணவில்லை. விண்ணப்பப் படிவம் கேட்டது அந்த எண்ணைத்தான்.

அறுவடைக்குப் பிந்தைய கணக்கு இன்னும் கடுமையானது. திறந்த குளத்தின் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ அரை கிராம் பாசிதான் இருக்கும். ஆகவே ஒரு கிலோ உலர் பாசிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் நீரைக் கையாள வேண்டும். படியவைத்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றி எடுத்த கூழிலும் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஒரு கிலோ உலர் பாசியுடன் வரும் அந்த நான்கு கிலோ நீரைச் சூடேற்றி ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 10 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அந்தப் பாசி முழுவதிலும் அடங்கியுள்ள ஆற்றலோ 20 மெகாஜூலைச் சற்றே தாண்டும். குளத்தைக் கலக்கும் துடுப்புச் சக்கரமும், கரியமில வாயுவைச் செலுத்தும் அழுத்தியும், செல்சுவரை உடைக்கும் கருவியும் தின்னும் மின்சாரத்தை இதனுடன் சேர்த்தால், எரிபொருள் தருவதாகச் சொல்லப்படும் ஆலை எரிபொருளை உண்ணும் ஆலையாகிவிடுகிறது.

இதனால்தான், உலர்த்தாமலேயே ஈரக்கூழை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், நீர் கொதித்து ஆவியாகாதபடி உயர் அழுத்தத்தில் வைத்து, கச்சா எண்ணெய் போன்ற திரவமாக மாற்றும் முறைக்கு முன்னுரிமை தாருங்கள் என்று வேண்டுகிறேன். இம்முறையில் கொழுப்பு மட்டுமன்றிப் புரதமும் மாவுச்சத்தும்கூட எண்ணெயாவதால், பாசியைப் பட்டினி போட்டுக் கொழுப்பேற்ற வேண்டிய கட்டாயம் தளர்கிறது. புரதத்திலிருந்து எண்ணெய்க்குள் வந்துசேரும் நைட்ரஜனை ஹைட்ரஜன் கொண்டு நீக்குவதும், மிஞ்சும் நீரில் கரைந்திருக்கும் சத்துகளைக் குளத்திற்கே திருப்புவதும் இன்னும் நிறைய உழைப்பைக் கேட்கும் பணிகள். அந்த உழைப்புக்குப் பணம் தேவை.

சத்துகளைத் திருப்புவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் 5 விழுக்காட்டைப் பாசியிலிருந்து பெறுவதே, அன்றைய தொழில்நுட்பத்தில், நீர், ஆற்றல், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றும் என்று கூறியது. பாஸ்பரஸ் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் பொருள்; பயிர்களின் பங்கை எடுத்து எரிபொருளுக்குத் தருவது சரியாகாது. நகரக் கழிவுநீரில் வீணாகும் சத்துகளைக் கொண்டு பாசி வளர்க்கும் திட்டங்கள், நீரைத் தூய்மையாக்கும் பணியையும் சேர்த்தே செய்வதால், உங்கள் பட்டியலில் மேலே வர வேண்டும்.

தாவர எண்ணெய்களைப் பொறுத்தவரை வேதியியலில் பெரிய புதிர் எதுவும் மீதமில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. 100 கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ 10 கிலோ மெத்தனாலைக் காரத்தின் துணையோடு வினைபுரியச் செய்தால் ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும் என்பது எவரும் அறிந்தது. சிக்கல் நிலத்தில் இருக்கிறது. கரிச்சதுப்பு நிலத்து மழைக்காட்டை அழித்துச் செம்பனை நட்டால், அப்போது வெளியேறும் கார்பனை அந்தப் பனையின் பயோடீசல் ஈடுசெய்ய 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. தரிசு நிலத்திலும் விளையும் என்று பல நாடுகளில் நடப்பட்ட காட்டாமணக்கு, தரிசில் உயிர் பிழைத்ததே தவிர, போதிய எண்ணெய் வித்தைத் தரவில்லை. நீரும் உரமும் பெற்ற செடியின் விளைச்சலை வறண்ட மண்ணுக்கும் பொருத்திப் பார்த்த அந்தத் தவறும், சிறந்த பதினான்கு நாள்களை ஓர் ஆண்டாகப் பெருக்கிய எங்கள் தவறும் ஒன்றே. பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்ற கழிவுகளுக்கு இந்தப் பழி இல்லை. அவற்றின் அளவுதான் குறைவு.

பெரும் பணம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. எக்ஸான்மொபில் நிறுவனம் 2009இல் 60 கோடி டாலர் வரை செலவிடக்கூடிய பாசித் திட்டத்தை அறிவித்தது. 2017இல், மரபணு மாற்றிய நானோகுளோராப்சிஸ் பாசியில் எண்ணெய் 20 விழுக்காட்டிலிருந்து 40க்கு மேல் உயர்ந்ததாக அதன் கூட்டாளி நிறுவனத்துடன் சேர்ந்து அறிவித்தது. 2023 தொடக்கத்தில் அது பாசி ஆய்விலிருந்தே விலகிவிட்ட செய்தி வெளிவந்தது. விழுக்காடு இரட்டிப்பானது, விற்கத்தக்க எரிபொருள் வரவில்லை.

இவ்வளவு சொல்லியும் இத்துறையைக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. நெடுந்தொலைவு விமானங்களையும் கப்பல்களையும் மின்கலத்தால் இயக்குவது கடினமாக இருக்கும் வரை திரவ எரிபொருள் வேண்டும். உப்புநீரிலும் விளைநிலமல்லாத இடத்திலும் வளரக்கூடிய பாசிக்கு அதில் உரிய இடம் உண்டு என்று மனமார நம்புகிறேன். அதனால்தான், அடுத்த நிதி அறிவிப்பிலேயே பன்னிரண்டு மாத வெளிக்குளத் தரவைக் கட்டாயமாக்கும்படியும், குளம் கெட்டுப்போன நாள்களையும் அந்தச் சராசரியில் சேர்க்கச் சொல்லும்படியும், செலவிட்ட ஆற்றலை உள்ளபடியே காட்டாத அறிக்கைக்கு இறுதித் தவணையை நிறுத்தி வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். குளம் கட்டவே ஓராண்டு போய்விடுகிற நிலையில், மூன்றாண்டு ஒதுக்கீட்டை ஐந்தாண்டாக நீட்டித் தாருங்கள். தோல்வியை உள்ளபடி எழுதிய குழுவை அடுத்த சுற்றில் அதற்காகவே ஒதுக்கிவிடமாட்டோம் என்று அந்த அறிவிப்பிலேயே எழுத்தில் உறுதியளியுங்கள்.

மிக்க மதிப்புடன்,
பாசிக் குளங்களில் பணியாற்றிய ஓர் ஆய்வாளர்