மூலப் பதிவை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பலாம் என்று தங்கள் இதழ் விடுத்திருக்கும் அழைப்பு, தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பொறுத்தவரை மிகவும் வேண்டியிருந்த ஒன்று. டர்பனின் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் பிறந்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட தலைமுறையில் தமிழைத் தங்குதடையின்றிப் பேசுகிறவர்கள் அருகி வருகிறார்கள். ஆனால் அழைப்பின் கீழே, 'பின்னணி இரைச்சலை நீக்கி அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரைச்சலை நீக்க, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் யாரும் பேசாத சில நொடிகளை நாம் மாதிரியாகக் காட்டுகிறோம். அந்த மாதிரியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று அது அளந்துகொண்டு, பதிவு முழுவதிலும் அந்த அளவைத் தாண்டாதவற்றை அடக்கிவிடுகிறது. மின்விசிறியின் சீரான ஓசைக்கு இது நன்றாகவே உதவும். நாய் குரைப்புக்கும் வாகன ஹாரனுக்கும் அவ்வளவாக எடுபடாது. இதைவிடப் பெரிய சங்கடம், பேச்சிலுள்ள மெல்லிய ஒலிகளும் அந்த அளவைத் தாண்டுவதில்லை என்பதுதான். வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கி வரும் வினைமுற்று, பல் விழுந்த வாயிலிருந்து காற்றாக வரும் சகரம் ஆகியவை முதலில் போய்விடும். சகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்ற சீறலும் அதே இடத்தில்தான் நம் காதில் உறைக்கிறது. இரைச்சல் குறைப்பைப் பத்துப் பன்னிரண்டு டெசிபலோடு (ஒலி அளவின் அலகு) நிறுத்திக்கொண்டால் பேச்சு ஓரளவு தாங்கும். ஆர்வ மிகுதியால் அதற்கும் மேலே போகிறவர்கள், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஒரு குரலைத்தான் அனுப்பி வைப்பார்கள்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் துப்புரவாக வேலை செய்கின்றன என்பது உண்மையே. அவற்றுள் பல, பேச்சு அல்லாத எதையும் இரைச்சல் என்றே கொள்ளும்படி பயிற்றப்பட்டவை. தெருக்கூத்துப் பாட்டொன்றைத் தாத்தா கைத்தாளம் போட்டுப் பாடிக்காட்டினால், தாளம் காணாமல் போகும். நீட்டிப் பாடிய இடமும் தேய்ந்துபோகலாம். சில கருவிகள் சிதைந்த சொல்லைத் தாமே ஊகித்து நிரப்பவும் செய்கின்றன. பாட்டி சொல்லாத ஒலியைப் பாட்டியின் குரலில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

ஆகவே இரைச்சலைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் பதிவு செய்யும் அறைதான். பேசுகிறவரின் வாய்க்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறையின் இரைச்சலோ குறைவதே இல்லை. மேசையின் மறுகோடியில் கிடக்கும் கைப்பேசியை ஓர் அடிக்குள் கொண்டுவந்தாலே, எந்த மென்பொருளும் தராத பலன் கிடைக்கும். சட்டையில் செருகும் சிறிய மைக் இருந்தால் இன்னும் நல்லது. தரைக்கு ஓடு பதித்த முன்கூடத்தைத் தவிர்த்து, துணி அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறையில் உட்கார வையுங்கள். எதிரொலியைப் பின்னால் நீக்குவது விசிறிச் சத்தத்தை நீக்குவதைவிடக் கடினம். மேலும் தமிழில் வல்லொற்று இரட்டிக்கும் இடங்களில் குரல் ஒரு கணம் அடங்கி எழுகிறது. அந்தக் கண நேர அமைதியை எதிரொலி நிரப்பிவிட்டால் சொல் மழுங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துகிறவர்கள் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். மறுபடி போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

டர்பன்வாசிகளுக்கென்று தனிச் சோதனைகளும் உண்டு. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தால் கூரைமேல் ஹடீடாப் பறவைகள் கத்தத் தொடங்கிவிடும். அவை அடங்கிய பிறகு, வெயில் ஏறி விசிறி தேவைப்படுவதற்கு முன் உள்ள காலைப்பொழுதே எனக்குத் தெரிந்து ஏற்றது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டில் விசிறி நின்றாலும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓயவில்லை. பேச்சு தொடங்குமுன் அனைவரும் வாய்மூடி அரை நிமிடம் அறையின் வெறும் ஓசையைப் பதிந்துகொள்வது மிக முக்கியம். பின்னால் யாராவது இரைச்சலைக் குறைக்க முற்பட்டால் அவர்களுக்கு வேண்டிய மாதிரி அதுதான்.

பலரிடம் திருமணம், கோயில் திருவிழா என்று பழைய கேசட்டுகளும் இருக்கும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, மூல நாடாவிலிருந்து மாற்றும்போது இரைச்சல் நீக்கம் போன்ற எந்த மெருகும் சேர்க்கக் கூடாது என்றும், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிய வேண்டும் என்றும் வழிகாட்டியிருக்கிறது. நாடாவின் சீறலைக் குறைக்கும் டால்பி முறையில் பதிந்த நாடாவை அதே டால்பி வகையில் ஓட்டுவது மெருகு ஆகாது. அது நாடாவைச் சரியாக வாசிப்பதே. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ரீங்காரத்தையும் மாற்றும்போது தொடாமல் விட்டுவிடலாம். அது 100, 150 என்று மடங்குகளிலும் கேட்கும். ஆண் குரலின் அடிச்சுருதியும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி மேலும் சுருக்கப்படுகிறது. அதே கோப்பை 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் மாறாமல் வந்து சேரும். அழைப்பு மீண்டும் வெளியாகும்போது, இரைச்சலோடு உள்ள மூலக் கோப்பையே அனுப்பும்படியும், மெருகேற்றிய பிரதி இருந்தால் அதைத் தனிப் பெயரில் இணைக்கும்படியும் வாசகர்களுக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.